உடைந்த உள்கைப்பிடி: கார் கதவை நீங்களே பிரிக்கலாம்

கேள்வி

ஐயா, எங்களிடம் இருப்பது 2013-இல் வாங்கிய சின்ன ஹேட்ச்பேக் கார். முன்கதவுகளுக்கு பவர் விண்டோ, பின்கதவுகளுக்குக் கையால் சுற்றும் வைண்டர். போன மாதம் பின்பக்க இடது கதவை உள்ளிருந்து திறக்கும்போது, பிளாஸ்டிக் கைப்பிடி என் மாமியார் கையோடு உடைந்து வந்துவிட்டது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டிப் பார்த்தோம், நிற்கவில்லை. இப்போது ஒவ்வொரு முறையும் நான் இறங்கிப்போய் வெளியிலிருந்து திறந்துவிட வேண்டியிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், கைப்பிடி தனியாக வராது, கதவின் உட்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடையே முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். வீட்டில் ஸ்க்ரூடிரைவர், ஸ்பானர் எல்லாம் இருக்கின்றன. மிக்ஸி, ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் நானே கழற்றி மாட்டியிருக்கிறேன். இதையும் நானே செய்யலாமா? பேடைக் கழற்றும்போது அது உடைந்துவிடும், ஏர்பேக் வெடித்துவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

வாசகி, திண்டுக்கல்

பதில்

தாராளமாகச் செய்யலாம். மிக்ஸியைப் பிரித்துப் பூட்டிய கைக்கு இது மீறிய வேலை அல்ல. அவசரமில்லாத ஒரு காலைப்பொழுது போதும். உங்களுடையது பின்கதவு, கையால் சுற்றும் கண்ணாடி, ஒயர் அதிகம் இருக்காது. முதல்முறையாகப் பேட் கழற்றிப் பழக இதைவிட எளிய கதவு ஒரு காரில் கிடையாது. வண்டியின் பெயரை மட்டும் உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். நான் சொல்லப்போவது அந்த வயதுள்ள பெரும்பாலான சின்னக் கார்களுக்குப் பொருந்தும். ஸ்க்ரூ ஒளிந்திருக்கும் இடம்தான் மாடலுக்கு மாடல் மாறும்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்கைப்பிடி அலங்காரப் பொருள் அல்ல. விபத்தோ புகையோ வெள்ளமோ வந்தால், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அதுதான் வெளியேறும் வழி. வேலை முடியும்வரை உங்கள் மாமியார் முன்சீட்டிலோ, கைப்பிடி நன்றாக உள்ள பின்கதவின் பக்கமோ உட்காரட்டும். அந்தக் கதவின் ஓரத்தில் உள்ள சைல்டு லாக் போடப்படாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது போட்டிருந்தால் நல்ல கைப்பிடியும் உள்ளிருந்து திறக்காது.

ஏன் உடைந்தது?

புதுக் கைப்பிடி வாங்கும் முன் இந்தக் கேள்விக்கு விடை தெரிய வேண்டும். தெரியாமல் மாற்றினால் புதியதும் உடையும்.

காரணங்கள் இரண்டு. ஒன்று, பிளாஸ்டிக்கின் வயது. கைப்பிடிகளில் அதிகம் பயன்படும் ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக்கில் ரப்பர் தன்மையுள்ள ஒரு பகுதி கலந்திருக்கும். அதுதான் அடி தாங்கும் பலத்தைக் கொடுக்கிறது. வெயிலும் சூடும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அந்தப் பகுதியைத்தான் முதலில் கெடுக்கின்றன. அதன்பிறகு பிளாஸ்டிக் வளையாது, முறியும். வெயிலில் நிற்கும் காருக்குள் எவ்வளவு சூடு ஏறும் என்பதை அமெரிக்காவின் அரிசோனாவில் அளந்து பார்த்து, 2018-இல் ஓர் ஆய்வாக வெளியிட்டார்கள். கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸும், ஸ்டீயரிங் 53 டிகிரியும் தொட்டிருந்தன. நம் ஊரில் மரநிழல் கிடைக்காமல் பல கோடைகளைக் கழித்த காரின் பிளாஸ்டிக் என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. ஆனால் அதுதான் முக்கியமானது. நீங்கள் கைப்பிடியை இழுக்கும்போது, அதன் பின்னால் உள்ள கொக்கி ஒரு கம்பியையோ கேபிளையோ இழுக்கிறது. அந்தக் கம்பி கதவின் ஓரத்திலுள்ள லாக்கை விடுவிக்கிறது. லாக்கில் இருந்த கிரீஸ் காய்ந்து, அதில் தூசி படிந்து, மழையில் துரு ஏறினால் அது இறுகிப்போகும். விரலால் லேசாக இழுத்தால் திறந்த கதவு, மெல்ல மெல்ல முழுக்கையால் இழுத்தால்தான் திறக்கும் என்ற நிலைக்கு வரும். தினமும் பழகியவர்களுக்கு இந்த மாற்றம் தெரியாது. கடைசியில் அந்த பலம் முழுவதையும் தாங்குவது விரல் தடிமன்கூட இல்லாத பிளாஸ்டிக் கொக்கிதான்.

உங்கள் மாமியாரைக் கேளுங்கள். உடைவதற்கு முன் சில மாதங்களாகக் கதவு கடினமாக இருந்ததா என்று. "ஆமாம், இழுத்துத்தான் திறப்பேன்" என்று சொன்னால் உங்கள் வேலை கைப்பிடியோடு முடியாது, லாக்கையும் கவனிக்க வேண்டும். மாமியார் மேல் பழி இல்லை என்பதும் அப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பசை ஏன் நிற்கவில்லை?

ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசைகள் காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைப்பாகிவிடும். நேராக இழுத்தால் ஓரளவு தாங்கும். திருகினாலோ நெம்பினாலோ விட்டுவிடும். கைப்பிடியில் விழுவதோ நெம்பும் விசை. உடைந்த இடத்தின் பரப்பும் மிகச் சிறியது. கைப்பிடி பாலிபுரொப்பிலீன் (பிபி) வகைப் பிளாஸ்டிக் என்றால், இந்தப் பசை அதில் சரியாகப் பிடிக்கவே பிடிக்காது. உடைந்த துண்டின் உட்பக்கம் பாருங்கள். ஏபிஎஸ், பிபி, பிஏ6 என்று ஏதாவது ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். அது பிளாஸ்டிக்கின் வகை. பிபி என்றிருந்தால் பசைக்கு மேற்கொண்டு செலவு செய்ய வேண்டாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பசை வழிந்து கைப்பிடி சுழலும் ஊசிக்குள் போனால், கைப்பிடி திரும்பி வராமல் பாதியிலேயே நின்றுவிடும். லாக் பாதி இழுத்த நிலையிலேயே இருக்கும். ஓடும் வண்டியில் அந்தக் கதவை நம்ப முடியாது. ஆகவே கைப்பிடியை ஒட்டக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

"தனியாக வராது" என்கிறார்களே?

பல கார்களில் உள்கைப்பிடி தனிப் பொருளாகவே கிடைக்கிறது. சில மாடல்களில் கைப்பிடியும் அதைச் சுற்றியுள்ள கிண்ணமும் சேர்ந்து ஒரே பொருளாக வரும். அதற்காக டோர் பேடையே வாங்க வேண்டிய நிலை அரிது. ஒர்க்‌ஷாப்பின் பதிலோடு நிற்காமல், கம்பெனி ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கவுன்டரில் நேரடியாகக் கேளுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள 17 எழுத்து சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால், உங்கள் வண்டிக்கு உரிய பார்ட் நம்பரை அவர்கள் கணினியில் எடுத்துத் தருவார்கள். அந்த எண்ணைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு எந்த ஊர்க் கடையில் கேட்டாலும் குழப்பம் வராது.

இது சலுகையாகக் கேட்கும் விஷயம் அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் தடுத்ததாக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த வழக்கு பிறகு மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளத்தைத் தொடங்கியபோது, எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. சொந்தப் பொருளைச் சொந்தச் செலவில் சரிசெய்துகொள்ள உதிரிபாகம் கேட்பது வாங்கியவரின் உரிமை.

கம்பெனி கவுன்டரில் கிடைக்காவிட்டால் உள்ளூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கின்றன. சென்னைக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் ஜி.பி. ரோட்டில் புதியதும், புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றியதும் கிடைக்கும். உங்களுக்கு நான் சொல்வது: கைப்பிடியைப் புதிதாகவே வாங்குங்கள். பழைய வண்டியிலிருந்து கழற்றியது, உங்களுடையது பட்ட அதே வெயிலைத்தான் பட்டிருக்கும். டோர் பேட், குளவ் பாக்ஸ் மூடி போன்ற விசை விழாத பொருள்களுக்குப் பழையது தாராளமாகப் போதும்.

கடைக்குப் போகும்போது உடைந்த கைப்பிடியைத் துண்டு விடாமல் கொண்டுபோங்கள். இடது, வலது ஒன்றுக்கொன்று மாறாது. முன்கதவு, பின்கதவு சில மாடல்களில் ஒன்றேபோல் இருக்கும், சிலவற்றில் இருக்காது. கம்பி மாட்டும் கொக்கியின் வடிவம், ஸ்க்ரூ துளைகளின் இடம், ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். அதே கையோடு உங்கள் மாடலுக்கான டோர் பேட் கிளிப்புகள் அரை டஜன் வாங்கிவிடுங்கள். விலை அற்பம். பழைய கிளிப் ஒன்றிரண்டு உடைவது இயல்பு. அது உங்கள் கைக்குறை அல்ல.

ஏர்பேக் பயம்

பின்கதவு பேடுக்குள் ஏர்பேக் வைக்கும் வழக்கம் இந்த வகைக் கார்களில் இல்லை. பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் அது முன்சீட்டின் ஓரத்தில் இருக்கும். கர்ட்டன் ஏர்பேக் கூரையின் ஓரத்தில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். இந்தியாவில் ஓட்டுநர் ஏர்பேக்கே 2019 ஜூலை 1 முதல்தான் கட்டாயமானது. உங்கள் 2013 வண்டியில் முன்பக்கம் ஏர்பேக் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பின்கதவு வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இதைப் படித்துவிட்டுப் புதிய காரின் முன்கதவைப் பிரிக்க நினைக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில புதிய கார்களின் முன்கதவுக்குள், மோதலை உணரும் சென்சார் இருக்கும். ஏர்பேக் சம்பந்தப்பட்ட ஒயர்களும் கப்ளர்களும் வழக்கமாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சள் கப்ளரைக் கண்டால் தொடாதீர்கள். அதைக் கழற்றிய நிலையில் சாவியைத் திருப்பினால், டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கும். பிறகு அதை அணைக்க ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.

பேடைக் கழற்றுவது

நேரம் முக்கியம். காலை எட்டு, ஒன்பது மணிக்கு, வண்டி சற்று வெதுவெதுப்பான பிறகு தொடங்குங்கள். குளிர்ந்த பிளாஸ்டிக் சீக்கிரம் முறியும். நடுவெயிலில் கையே வைக்க முடியாது. ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று, மெல்லிய தட்டை ஸ்க்ரூடிரைவர் ஒன்று, அகலமான பிளாஸ்டிக் நெம்புகோல் ஒன்று வேண்டும். நெம்புகோல் இல்லாவிட்டால் தட்டை ஸ்க்ரூடிரைவரின் முனையில் துணி டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு அட்டையில் கதவின் படம் வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அதை அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. குட்டையானது இருந்த துளையில் நீளமானதைப் போட்டால் அது உள்ளே நீண்டு கண்ணாடி இறங்கும் வழியை மறிக்கலாம்.

முதலில் கண்ணாடியை முழுதாக மேலே ஏற்றிவிடுங்கள். வைண்டர் கைப்பிடி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தப் படம் வேண்டும்.

வைண்டர் கைப்பிடியில் வெளியே ஸ்க்ரூ தெரியாவிட்டால், அதற்கும் பேடுக்கும் நடுவே, கைப்பிடியின் பின்னால், குதிரைலாட வடிவத்தில் ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். இதை எடுக்கத் தனிக் கருவி விற்கிறார்கள். ஆனால் பழைய பருத்தித் துணிப் பட்டை ஒன்றே போதும். துணியைக் கைப்பிடிக்குப் பின்னால் நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து, மாறிமாறி இழுங்கள். துணியின் இழை கிளிப்பின் முனையில் மாட்டி அதை வெளியே இழுத்துவிடும். அது வரும்போது துள்ளிக்கொண்டு வரும். எங்கோ விழுந்து தொலையாமல் இருக்கக் கீழே ஒரு துண்டை விரித்து வையுங்கள்.

அடுத்தது ஸ்க்ரூக்கள். உள்கைப்பிடியின் கிண்ணத்துக்குள் ஒன்று; கதவை இழுத்துச் சாத்தும் பிடியின் குழியில் ஒன்றோ இரண்டோ. சிலவற்றின் தலையைச் சின்ன பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் மூடியின் ஓரத்தை நெம்பினால் வந்துவிடும். பேடின் கீழ்விளிம்பிலும் கதவு சாத்தும் ஓரத்திலும் கையால் தடவிப் பாருங்கள்.

இனி பேட். கீழ்மூலையில் நெம்புகோலை நுழைத்து, கிளிப் இருக்கும் இடத்துக்கு மிக அருகில் நெம்புங்கள். கிளிப்பிலிருந்து தள்ளி நெம்பினால் பேட் வளைந்து, கிளிப் மாட்டும் காது பிய்ந்துவிடும். ஒரு கிளிப் "டக்" என்று விட்டதும் அடுத்ததற்கு நகருங்கள். கீழ்ப்பக்கமும் இரண்டு ஓரங்களும் விட்ட பிறகு, பேடின் மேல்விளிம்பு மட்டும் கண்ணாடிப் பக்கத்தில் கதவின்மேல் தொங்கிக்கொண்டிருக்கும். அதை முன்னால் இழுக்கக் கூடாது, நேராக மேலே தூக்க வேண்டும்.

இந்த வேலைக்கு ஒரே ஒரு விதிதான். நியாயமான பலத்துக்கு ஒரு பகுதி வரவில்லை என்றால், இன்னும் ஏதோ ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பலத்தைக் கூட்டாதீர்கள், நிறுத்திவிட்டு, டார்ச் அடித்து அந்த ஒன்றைத் தேடுங்கள். பேட் உடைந்த வீடுகளில் விசாரித்தால் பெரும்பாலும் ஒரு ஸ்க்ரூவைக் காணாமல் விட்டிருப்பார்கள்.

பேடைத் தூக்கியதும் உடனே விலக்கிவிடாதீர்கள். பின்னால் ஸ்பீக்கருக்கோ வேறு எதற்கோ ஒயர் போயிருக்கலாம். பேடை முட்டியில் தாங்கிக்கொண்டு, கப்ளரின் நாக்கை அழுத்திக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்கைப்பிடியின் கொக்கியில் இன்னும் கம்பி மாட்டியிருந்தால், அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பூட்டைத் திருப்பிவிட்டுக் கம்பியை எடுங்கள்.

பாலிதீன் ஷீட்டைக் கிழிக்காதீர்கள்

பேடுக்குப் பின்னால் ஒரு பாலிதீன் ஷீட் கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும். பலர் அதைத் தூசி தடுக்கும் உறை என்று நினைத்துக் கிழித்து எறிகிறார்கள். அதன் வேலை வேறு. மழை பெய்யும்போது கண்ணாடியில் வழியும் தண்ணீரில் ஒரு பகுதி, ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் இறங்குவது இயற்கை. கதவு அதற்கேற்பத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கீழ்விளிம்பில் உள்ள துளைகள் வழியாக அந்தத் தண்ணீர் ரோட்டில் வடிந்துவிடும். அது பேடுக்கும் காருக்குள்ளும் வராமல் தடுப்பது இந்த ஷீட்தான். இதைக் கிழித்துவிட்டால், அடுத்த மழைக்குக் கால்மிதி நனைந்திருக்கும். எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்றே தெரியாமல் பலரும் தவிப்பது இதனால்தான். பேடின் உட்பக்க அட்டையும் ஊறி உப்பிவிடும்.

ஷீட்டை ஒரு மூலையிலிருந்து மெதுவாக, வேலைக்குத் தேவையான அளவு மட்டும் உரியுங்கள். கறுப்புப் பசையில் தூசி படாமல் பார்த்துக்கொண்டால் அதே பசை மறுபடி ஒட்டும். கிழிந்திருந்தால் அகலமான டேப்பால் ஒட்டிவிடுங்கள். திரும்ப ஒட்டும்போது, பழைய அடையாளத்தைப் பார்த்து, ஷீட்டின் கீழ்விளிம்பு முன்பு கதவுக்குள் செருகியிருந்ததென்றால் அப்படியே செருகுங்கள். கதவு திறந்திருக்கும்போதே, கீழ்விளிம்பின் வடிகால் துளைகளை ஒரு குச்சியால் குத்தி மண்ணை எடுத்துவிடுங்கள். அடைத்துக்கொண்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி அடித்தகடு துருப்பிடிக்கும்.

லாக்கைச் சோதியுங்கள்

இப்போதுதான் முக்கியமான கட்டம். கைப்பிடியை மாட்டும் முன், அந்தக் கம்பியையோ கேபிளையோ உங்கள் இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். லேசாக வந்து, விட்டதும் தானாகத் திரும்பிப் போக வேண்டும். விரல் வலிக்க இழுக்க வேண்டியிருந்தாலோ, திரும்பாமல் நின்றாலோ, முதல் கைப்பிடியை உடைத்தது எதுவென்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

கேபிளாக இருந்தால் எங்காவது மடிந்து நசுங்கியிருக்கிறதா என்று முழுநீளமும் பாருங்கள். அப்படியிருந்தால் கேபிளையும் மாற்ற வேண்டும். கேபிள் சரி, லாக்தான் இறுக்கம் என்றால், கதவின் ஓரத்தில் தெரியும் லாக்கின் வாயில் டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரேயை அடித்து, பழைய கறுப்பு கிரீஸை ஒரு பழைய டூத்பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து எடுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஸ்பிரே துருவைத் தளர்த்தும், ஈரத்தை விரட்டும். ஆனால் நெடுநாள் வழவழப்பு தராது. துடைத்துக் காய்ந்த பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ் வைத்தே ஆக வேண்டும். லாக்கின் அசையும் பாகங்களில் கொஞ்சமாகத் தடவி, கம்பியைப் பலமுறை இழுத்துவிட்டு, கிரீஸை உள்ளே பரவ விடுங்கள். அதிகம் அப்பினால் தூசியைத்தான் சேர்க்கும்.

இத்தனைக்கும் பிறகு இறுக்கம் குறையாவிட்டால் லாக்கே தேய்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றுவது ஒர்க்‌ஷாப் வேலை. அங்கே போகும்போது "கைப்பிடி உடைந்துவிட்டது" என்று சொல்லாமல், "லாக் இறுகிவிட்டது, கேபிள் நன்றாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். தேவையில்லாத செலவு பாதியாகக் குறையும்.

திரும்ப மாட்டுவது

புதுக் கைப்பிடியைக் கம்பியோடு சேர்த்து, பிளாஸ்டிக் பூட்டைப் போடுங்கள். பூட்டு போட்டதும் ஒரு சத்தம் கேட்கும். கம்பியை லேசாக அசைத்து உறுதிசெய்யுங்கள்.

பேடை மாட்டும் முன் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். லாக்கின் வாயில் உள்ள கொக்கியை ஸ்க்ரூடிரைவரின் தண்டால் தள்ளி மூடுங்கள். இரண்டு முறை "கிளிக்" என்று கேட்கும். முதலாவது பாதிப் பூட்டு, இரண்டாவது முழுப் பூட்டு. இப்போது உள்கைப்பிடியை இழுங்கள். கொக்கி விடுபட வேண்டும். மறுபடி மூடி, வெளிக்கைப்பிடியாலும் விடுவித்துப் பாருங்கள். இரண்டும் வேலை செய்தால்தான் கதவைச் சாத்த வேண்டும். சோதிக்காமல் சாத்தி, கம்பி சரியாக மாட்டாமல் இருந்தால், கதவு திறக்காது. கதவு திறக்காமல் பேடைக் கழற்றுவது கைதேர்ந்த மெக்கானிக்குக்கே சிரமம்.

பிறகு ஷீட்டை ஒட்டுங்கள். கதவின் தகரத்திலேயே தங்கிவிட்ட கிளிப்புகளை எடுத்து, பேடின் காதுகளில் மாட்டுங்கள். முறிந்தவற்றுக்குப் புதியதைப் போடுங்கள். ஒயரை மாட்டி, பேடின் மேல்விளிம்பை முதலில் தொங்கவிட்டு, ஒவ்வொரு கிளிப்பும் தன் துளைக்கு நேராக நிற்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே, உள்ளங்கையால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். நேராக நிற்காத கிளிப்பைத் தட்டினால் அது மடங்கிவிடும்.

ஸ்க்ரூவைப் பிளாஸ்டிக்கில் முடுக்கும்போது ஒரு நல்ல பழக்கம் உண்டு. முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், லேசாகச் சுற்றுங்கள். பழைய மரையில் விழும்போது ஒரு சின்ன இறக்கம் கையில் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் முடுக்கினால் பழைய மரையிலேயே போகும். இதைச் செய்யாமல் நேராக முடுக்கினால் புது மரை வெட்டி, இரண்டு மூன்று முறையில் துளை வழுக்கிவிடும். ஸ்க்ரூ நின்றதும் நிறுத்துங்கள். பிளாஸ்டிக்குக்கு அதற்குமேல் இறுக்கம் வேண்டாம்.

வைண்டர் கைப்பிடியை மாட்டும்போது குதிரைலாடக் கிளிப்பை முதலிலேயே கைப்பிடியில் போட்டுவிட்டு, போட்டோவில் உள்ள கோணத்தில் வைத்துத் தட்டினால் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

இன்னும் எவற்றை வீட்டில் செய்யலாம்?

கைப்பிடி வேலையை முடித்த தைரியத்தில் அடுத்தது என்ன என்று தோன்றும். குளவ் பாக்ஸ் மூடி, அதன் கீல், வெயில் மறைப்பு, ஏசி காற்று வரும் ஜன்னல், கியர் லிவரைச் சுற்றியுள்ள உறை, டிக்கி மூடியின் உட்பக்கப் பேட் ஆகிய எல்லாவற்றுக்கும் இதே விதிதான்: மறைந்த ஸ்க்ரூவைத் தேடு, கிளிப் அருகே நெம்பு, வராததை இழுக்காதே.

தொடக் கூடாதவையும் இருக்கின்றன. ஸ்டீயரிங்கின் நடுமூடி, இடப்பக்க டாஷ்போர்டில் ஏர்பேக் என்று பொறித்த மூடி, ஏர்பேக் என்று பொறித்திருக்கும் முன்கண்ணாடி ஓரத் தூண்கள், முன்சீட்டுக்குப் பக்கத்தில் சீட்பெல்ட் உள்ளே போகும் தூண் ஆகியவை பயிற்சி பெற்றவரின் வேலை. பல கார்களில் அந்தச் சீட்பெல்ட் சுருளுக்குள், மோதலின்போது பெல்ட்டை இழுத்து இறுக்கும் சிறிய வெடிமருந்து இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. இந்தக் கதவின் லாக் இறுகியிருந்தால், அதே வயதுடைய மற்ற மூன்று லாக்குகளும் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கும். அவற்றுக்குப் பேடைப் பிரிக்க வேண்டியதில்லை. கதவைத் திறந்துவைத்து, ஓரத்தில் தெரியும் லாக்கின் வாயைச் சுத்தம் செய்து, வெள்ளை கிரீஸ் வைத்துவிடுங்கள். கதவின் கீல்களுக்கும் கொஞ்சம் தடவுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். கதவு கடினமாகத் தெரிந்த முதல் நாளே கிரீஸ் வையுங்கள். கைப்பிடி பிழைத்துக்கொள்ளும், உள்ளே உட்கார்ந்திருப்பவரும் யாரையும் எதிர்பார்க்காமல் தானே திறந்து இறங்கலாம்.